அந்தியேட்டிக்கோ, சும்மா குளிக்கவோ?

எங்கள் வேம்பார்ப் பக்கத்துக் கடலில் உப்புத்தண்ணித் தீவு என்று ஒன்றும் நல்லதண்ணித் தீவு என்று ஒன்றும் உண்டு. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அவையும் சேர்த்தி. சங்கு குளித்த காலத்தில் அந்தத் தீவோரங்கள் பெரியப்பாவுக்கு வீட்டு முற்றம் மாதிரி. எழுபத்து நான்கு வயதில் முழங்கால் இரண்டும் மடங்க மறுத்தபிறகு ஒருநாள் சொன்னார்: “உப்புத்தண்ணி பாத்தாச்சு, நல்லதண்ணி பாத்தாச்சு. அந்த வெந்நித்தண்ணிக்கு என்னய ஒருவாட்டி கூட்டிட்டுப் போயேம்லே.”

அவர் கேட்டது திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கும் கன்னியா வெந்நீர் ஊற்றை. நான் ஏற்கெனவே ஒருமுறை போய், எப்படியெல்லாம் போகக்கூடாதோ அப்படியெல்லாம் போய்விட்டு வந்தவன். அந்தக் கதையை அவரிடம் வாய்தவறிச் சொன்னதன் விளைவுதான் இது.

முதல் பயணம் 2019 மார்ச்சில். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம், கோட்டை நிலையத்தில் இரவு ரயில், விடிந்தால் திருகோணமலை. அதுவரை சரி. கிளம்புவதற்கு முன் ‘கடலோர வெந்நீர் ஊற்று’ என்று தேடி ஐஸ்லாந்துப் படங்களாகப் பார்த்து வைத்திருந்தோம். நீல நிறக் குளம், ஆவி, கழுத்தளவு தண்ணீரில் கண்மூடிக் கிடக்கும் வெள்ளைக்காரர்கள். (அந்த ப்ளூ லகூன் இயற்கைக் குளமே இல்லை, பக்கத்து நிலவெப்ப மின்நிலையம் வெளியேற்றிய தண்ணீர் தேங்கி உண்டானது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.) அந்த நினைப்போடு ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்குக் கன்னியாவில் போய் இறங்கினோம். ஏழு சின்னச் சதுரக் கிணறுகள். எட்டிப் பார்த்தால் அடி தெரிகிற ஆழம். சுற்றிலும் கட்டைச் சுவர். உள்ளே இறங்குவதற்கில்லை, வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஒவ்வொரு கிணற்றையும் இருபது பேர் சூழ்ந்து நின்றார்கள். என் கொழுந்தியாள் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “இதுக்கா பாஸ்போர்ட் எடுத்தோம்?” என்றாள்.

உச்சி வெயிலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டுபோகாமல், அவளுக்குத் தலைசுற்றியதுதான் மிச்சம். உடை மாற்றத் தோதில்லாமல் ஈரச் சேலையோடு ஆட்டோவில் திரும்பினாள். என் செல்போன் வாளித் தண்ணீரில் உயிரை விட்டது.

ஆகவே பெரியப்பாவைக் கூட்டிப்போகும்போது எல்லாவற்றையும் திருப்பிப் போட்டேன்.

2024 ஆகஸ்ட் கடைசியில் கிளம்பினோம். மாதத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கம் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இலங்கையின் கிழக்குக் கரை அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கிவிட்டால் அங்கே கடல் கொந்தளிக்கும், மழையும் பிடித்துக்கொள்ளும், நாகப்பட்டினம் கப்பலும் நின்றுவிடும். போகத் தோதான காலம் ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினம் – காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற பெயரில் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. நாலு மணி நேரப் பயணம். கண்ணாடி அடைத்த குளிர்சாதன அறைக்குள் உட்கார்ந்த பெரியப்பா வழிநெடுக ஒரே குறைதான் சொன்னார்: “கடல்ல போறோம், கடல் வாடையே வரலியே.” கப்பல் ஓடும் நாள்கள் மாறிக்கொண்டே இருப்பதால், திரும்புகிற தேதிக்கு ஓரிரு நாள் முன்பின் இடம் விட்டுத் திட்டமிடுவது நல்லது. யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு பஸ்ஸில் பாதிநாள் போய்விடும். மூட்டுவலிக்காரரோடு போகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் ஓர் இரவு படுத்து எழுந்து போவதே புத்தி.

தங்கியது உப்புவெளியில், கடற்கரையிலேயே. அங்கிருந்து கன்னியா தூரமில்லை. தங்கின வீட்டுக்காரருக்கு வேம்பார்க் கருப்பட்டி இரண்டு சிப்பம் கொண்டுபோயிருந்தேன். அவர் அதைப் பனங்கட்டி என்றார். பெயர் எதுவானால் என்ன, மறுநாளிலிருந்து தேத்தண்ணியோடு கடித்துக்கொள்ள எங்களுக்கும் ஒரு துண்டு வந்தது.

காலை ஐந்தரைக்குப் பெரியப்பா எழுப்பிவிட்டார். நேரே கன்னியாவுக்குப் போகலாம் என்றேன். கேட்கவில்லை. “மொதல்ல கடல். அப்புறந்தான் நல்லதண்ணி. அதுதாம்லே மொற.” ஆயுசு முழுக்க உப்புநீரில் குளித்து, கரையேறி நல்லதண்ணீர் ஊற்றிக்கொண்டவர் சொல்வதில் நியாயம் இருந்தது. சூரியன் நேர் எதிரே எழும்ப, இடுப்பளவு தண்ணீரில் இருபது நிமிடம் நின்றார். பிறகு சாரத்தை மாற்றிக்கொண்டு ஆட்டோ ஏறினோம். தோலில் உப்புக் காய்ந்து இழுத்துப் பிடித்திருக்கும்போது வெதுவெதுப்பான நல்லதண்ணீர் மேலே விழுகிற சுகம், முதல்முறை எனக்குக் கிடைக்காதது. போகிறவர்கள் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

ஆட்டோ ஓட்டியவர் அநுராதபுரம் சாலையில் திரும்பும்போது கேட்டார்: “அந்தியேட்டிக்கோ, சும்மா குளிக்கவோ ஐயா?”

அந்தக் கேள்வியை முதல் பயணத்தில் யாரும் எங்களிடம் கேட்கவில்லை. அன்று நாங்கள் இருந்த கோலத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். ஈழத் தமிழ்ச் சைவர்கள் இறந்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் செய்கிற கடன் அந்தியேட்டி. கன்னியா பலகாலமாக அதற்கான இடம். இராவணனின் தாய் இறந்ததாகத் திருமால் கிழவர் வடிவில் வந்து பொய் சொல்லி, கடன் செய்வதற்காகத் தடியை ஊன்றிய ஏழிடத்தில் வெந்நீர் எழும்பியது என்பது ஐதீகம். இராவணனே வாளால் குத்தினான் என்று சொல்வோரும் உண்டு. இன்றைக்கு அந்த இடம் தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. திணைக்களம் பௌத்த எச்சங்கள் உள்ள இடம் என்கிறது. பிள்ளையார் கோயில் இருந்த மேட்டில் விகாரை எழுப்பப் பார்க்கிறார்கள் என்று 2019 ஜூலையில் தமிழர்கள் திரண்டு போராடினார்கள், வழக்கும் நடந்தது. வெளியூரிலிருந்து குளிக்கப் போகிறவர்கள் இதில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பக்கத்துக் கிணற்றில் நிற்பவர் துக்கத்தோடு வந்தவராக இருக்கக்கூடும் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். கூச்சல், செல்ஃபி, ஒருவர்மேல் ஒருவர் வாளியை வீசுவது, இதெல்லாம் நாங்கள் 2019இல் செய்தவைதான். இப்போது நினைத்தால் கூசுகிறது.

பெரியப்பா கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. பெரியம்மா போய் அப்போது ஏழு மாதம். எங்கள் ஊர்ப் பரிசுத்த ஆவி கோயிலில் முப்பதாம் நாள் பூசையெல்லாம் முறைப்படி நடந்து முடிந்திருந்தது. “ரெண்டுக்குந்தான்” என்றார்.

அந்த நேரத்தில் எங்களையும் இன்னொரு குடும்பத்தையும் தவிர ஆளில்லை. நுழைவுச் சீட்டு எடுக்க வேண்டும், வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு. சில்லறையாக இலங்கை ரூபாய் கையில் இருக்கட்டும். பெரியப்பா உடனே குளிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கிணறாகக் குனிந்து பார்த்தார். அடியிலிருந்து நீர்க்குமிழிகள் நிதானமாக, ஒரே இடத்திலிருந்து, விட்டுவிட்டு ஏறி வந்தன. அவர் முகம் மாறியது. முப்பது வருடம் சங்கு குளித்தவருக்குக் குமிழி என்றால் ஒரே பொருள்தான்.

“எவனோ கீழ முக்குளிச்சிருக்காம்ல” என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அவருடைய அப்பா முத்துக் குளித்தவர். தூத்துக்குடிக் கடலில் 1961இல் நடந்த கடைசி முத்துச் சலாபத்தைப் பதினொரு வயதுப் பையனாகக் கரையில் நின்று பார்த்தவர் பெரியப்பா. காலில் கல்லைக் கட்டி மூச்சடக்கி இறங்கியவன் மேலே வருவதற்கு முன் குமிழிதான் வரும் என்பார். கயிறு பிடிப்பவனுக்குக் கண் அதன்மேலேயே இருக்கும்.

ஏழு கிணற்றிலும் ஒரே சூடு இல்லை. எல்லாம் 40 டிகிரி செல்சியஸுக்கு முன்னே பின்னே, ஆனால் கை வைத்தால் வித்தியாசம் தெரியும். இங்கே எரிமலை கிடையாது, கந்தக நாற்றமும் எனக்கு அடிக்கவில்லை. மழைத்தண்ணீர் பழங்காலப் பாறையின் வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 25, 30 டிகிரி கூடும். அங்கே சூடேறிய தண்ணீர் வேறொரு வெடிப்பு வழியே, ஆறுவதற்குள் மேலே வந்துவிடுகிறது. வருகிற வழியில் மேல்நீர் எவ்வளவு கலக்கிறது என்பதைப் பொறுத்து அடுத்தடுத்த ஊற்றுகளிலும் சூடு மாறும். இலங்கையில் மகாபெலஸ்ஸ, மகா ஓயா என்று வேறு வெந்நீர் ஊற்றுகளும் உண்டு. மகா ஓயாவில் சூடு இதைவிட அதிகம். ஆனால் கடலில் முங்கிய ஈரம் காய்வதற்குள் போய்ச் சேரக்கூடியது கன்னியாதான்.

ஊற்றிக்கொள்வதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது. முதலில் ஏழிலும் கை வைத்துப் பார்த்து, ஆகக் குறைந்த சூட்டில் தொடங்குங்கள். பாதம், முழங்கால், இடுப்பு, தோள், கடைசியில் தலை. எடுத்த எடுப்பில் தலையில் ஊற்றினால்தான் கொழுந்தியாளுக்கு வந்த மாதிரி வரும். சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும், அவர்கள் காலை நம்பாமல் முழங்கையால் சூடு பார்க்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர்கள் உட்கார்ந்து ஊற்றிவிட்டுச் சட்டென்று எழக்கூடாது. இதய நோய்க்காரர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு போவது உத்தமம். இன்னொன்று, வெதுவெதுப்பான நன்னீர் எதுவானாலும் மூக்கில் ஏறவிடக் கூடாது. கேரளத்தில் 2024லும் 2025லும் ‘மூளையைத் தின்னும் அமீபா’ பேச்சு எழுந்த பிறகு இதை விளக்க வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு முகத்தில் வீசி ஊற்றாதீர்கள். தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று குடிக்கவும் வேண்டாம். சோப்பும் ஷாம்பும் அறையிலேயே இருக்கட்டும். இரண்டு சாரம், பெண்களுக்கு நைட்டியும் மேலே ஒரு துண்டும், ஈரத்துணிக்கு ஒரு பை, குடிதண்ணீர் ஒரு பாட்டில், இவ்வளவு போதும். வெயில் ஏறுவதற்குள், எட்டு மணிக்கு முன், முடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

பெரியப்பா ஏழு கிணற்றிலும் முழங்காலுக்கு இவ்விரண்டு வாளி ஊற்றிக்கொண்டார். கடைசிக் கிணற்றில் ஒரு வாளி மொண்டவர் அதைக் காலில் ஊற்றவில்லை. தரையில், கல்லோரமாக, மெதுவாகச் சாய்த்துவிட்டார். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டேன்.

திரும்பி வந்ததும் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் என் மச்சான் போனில் கேட்டான்: “முட்டை அவிச்சீங்களா?” அவன் இருக்கிற செம்பவாங்கில் ஒரு வெந்நீர் ஊற்று உண்டு, 1909இல் கண்டறியப்பட்டது. 2020 ஜனவரியில் பூங்காவாகத் திறந்தார்கள். ஊற்றுக்கண்ணில் தண்ணீர் 70 டிகிரி. ஜனங்கள் வாளியில் முட்டையைப் போட்டு அரைவேக்காட்டில் எடுத்துத் தின்கிறார்கள். காலை நனைத்துக்கொள்ளப் படிப்படியாகச் சூடு ஆறும் தொட்டிகளும் உண்டு. அங்கே முட்டை வேகும், ஆனால் குளிக்க முடியாது. கன்னியாவில் குளிக்கலாம், முட்டை வேகாது. சொகுசு விடுதியும் மசாஜும் தேடுகிறவர்களுக்கு இரண்டுமே தோதுப்படாது. அவர்கள் ஜப்பானில் பெப்புவுக்குப் போகலாம், அங்கே கடற்கரையில் ஊற்றுநீரால் சூடேறிய மணலில் கழுத்துவரை புதைத்தே வைக்கிறார்கள்.

கன்னியாவுக்காக மட்டும் கடல் தாண்டலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். குளியல் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கோணேசர் கோயில் மலை, நிலாவெளி, புறாத் தீவுப் பவளப்பாறை எல்லாம் சேர்த்து மூன்று நாள் வைத்துப் போனால் போன காசுக்குப் பழுதில்லை. புறாத் தீவில் நான் கண்ணாடி மாட்டிக்கொண்டு மிதந்தபோது பெரியப்பா படகிலேயே உட்கார்ந்து, என் குமிழியை எண்ணிக்கொண்டிருந்ததாகப் படகுக்காரர் சொன்னார்.

முழங்கால் இரண்டு நாள் நன்றாக மடங்கியது. மூன்றாம் நாள் காங்கேசன்துறையில் கப்பல் ஏறும்போதே பழைய வலி வந்துவிட்டது. இப்போது வீட்டில் தவிட்டு ஒத்தடம் கொடுக்கிறோம். மறுபடி எப்போது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். பாஸ்போர்ட் 2034 வரை இருக்கிறது.