எம்ஐஎஸ் பாடம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பிபிஏ, பி.காம் வகுப்புகளில் 'மேலாண்மைத் தகவல் அமைப்பு' என்று ஒரு தாள் உண்டு. மாணவர்கள் வாயில் அது எம்ஐஎஸ். ஐந்து மார்க் கேள்விக்கு ஒரு படம், பத்து மார்க் கேள்விக்கு நன்மை தீமைப் பட்டியல், தேர்வுக்கு முந்தின ராத்திரி படித்தால் போதும் என்று சீனியர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். கணக்குப் பதிவியலுக்குக் கிடைக்கும் மரியாதையில் கால்வாசிகூட இதற்குக் கிடைப்பதில்லை. ஆனால் வணிகம் படித்தவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து புழங்கப்போவது இந்தத் தாளில் இருக்கிற விஷயத்தோடுதான். அதனாலேயே இதைச் சுற்றி ஊறிப்போன சில நம்பிக்கைகளைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: இது கம்ப்யூட்டர் பாடம்.

அன்றாட வணிக வேலைக்கு உலகில் முதன்முதலாகக் கணினியைப் பயன்படுத்தியது ஒரு டீக்கடை நிறுவனம். லண்டனைச் சேர்ந்த ஜே. லயன்ஸ் அண்டு கோ, ஊரெங்கும் தேநீர்க் கடைகள் வைத்து கேக்கும் ரொட்டியும் விற்றுவந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினித் திட்டத்துக்குப் பணம் கொடுத்து உதவி, பிறகு அதே வழியில் 'லியோ' என்ற சொந்தக் கணினியைக் கட்டியது. சுமார் 6,000 வால்வுகள் எரியும் இயந்திரம். 1951 நவம்பரில் பேக்கரிச் சரக்கின் மதிப்பைக் கணக்கிடும் வேலை வாரந்தோறும் அதில் ஓடத் தொடங்கியது.

மின்னணுவியலோடு தொடர்பே இல்லாத ஒரு கம்பெனியால் இது எப்படி முடிந்தது? கணினி என்ற யோசனையே இல்லாத காலத்திலிருந்து அங்கே ஒரு பழக்கம் இருந்தது. 1923-ல் வேலைக்குச் சேர்ந்த ஜான் சிம்மன்ஸ் என்ற கணிதப் பட்டதாரி, அலுவலகத்தில் ஒவ்வொரு தாளும் எங்கிருந்து கிளம்பி, யார் கைக்குப் போய், எந்த முடிவுக்குப் பயன்படுகிறது என்று ஆராய்வதையே ஒரு தனி வேலையாக வளர்த்தார். கணினி வந்தபோது அதற்கு என்ன வேலை கொடுக்கலாம் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

1954-ல் அவர்கள் லியோவில் ஏற்றிய டீக்கடை ஆர்டர் வேலையைப் பாருங்கள். நூற்றுக்கும் அதிகமான கடைகள். ஒவ்வொரு கடைக்கும் நாளைக்கு எத்தனை பன், எத்தனை கேக் என்று முழுப் பட்டியல் வாங்கினால் மாளாது. அதனால் கிழமைக்கு ஏற்ற வழக்கமான ஆர்டர் ஒன்றை நிலையாக வைத்துக்கொண்டார்கள். கடை மேலாளர் சாயங்காலத்துக்குள் போனில் சொல்ல வேண்டியது மாற்றத்தை மட்டும்தான்: இது இரண்டு டஜன் கூட, அது ஒரு டஜன் குறைய. கேட்கிற பெண் அப்போதே கார்டில் துளை போட்டுவிடுவார். பேக்கரி எவ்வளவு சுட வேண்டும், எந்த வண்டியில் எதை ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கார்டுகளிலிருந்து வந்துவிடும். எதைச் சொல்லாமல் விடலாம் என்று முடிவு செய்ததில்தான் இந்த அமைப்பின் புத்திசாலித்தனம் இருக்கிறது. வால்வு இயந்திரத்துக்கு அதில் இரண்டாம் இடமே.

கணினியே இல்லாமலும் தகவல் அமைப்பு உண்டு. மும்பை டப்பாவாலாக்களின் டப்பா மூடியில் இருக்கிற நிறமும் எழுத்தும் எண்ணும், எந்த ஸ்டேஷனில் இறக்க வேண்டும், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்பதைச் சொல்லிவிடுகின்றன. பாடத்தின் முதல் யூனிட்டை அந்த மூடியை வைத்தே நடத்தலாம்.

நம்பிக்கை: கோடிங் தெரியாதவர்களுக்கு இதில் வேலை இல்லை.

லயன்ஸில் டேவிட் கேமினர் என்பவர் இருந்தார். நிர்வாகப் பயிற்சியாளராகச் சேர்ந்து அலுவலக நடைமுறைகளைக் கரைத்துக் குடித்தவர். உலகின் முதல் சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் என்று இன்று அவரைத்தான் சொல்கிறார்கள். வேலை தெரிந்தவரிடம் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டு, கேட்டதைப் பிசகில்லாமல் எழுதத் தெரிந்தவருக்கு இந்தத் துறையில் எப்போதும் இடம் உண்டு.

நம்பிக்கை: இருக்கிற வேலையைக் கணினிக்கு மாற்றினால் போதும், வேகம் தானாக வரும்.

இதற்குப் பதிலாக உலகெங்கும் வகுப்புகளில் சொல்லப்படும் கதை ஃபோர்டு கார் கம்பெனியுடையது. மைக்கேல் ஹேமர் 1990-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய பிறகு புகழ்பெற்றது. 1980களின் தொடக்கத்தில், சப்ளையர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் பிரிவில் ஃபோர்டுக்கு வட அமெரிக்காவில் மட்டும் 500-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். கணினி வைத்தால் 400 பேரோடு சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். அப்போது மஸ்தா கம்பெனியைப் பார்த்தார்கள். அங்கே அதே வேலைக்கு 5 பேர். மஸ்தா சின்னக் கம்பெனிதான்; ஆனால் அளவு வித்தியாசம் மட்டும் இவ்வளவு பெரிய இடைவெளிக்குக் காரணமாக இருக்க முடியாது.

ஐநூறு பேரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? கொள்முதல் பிரிவிலிருந்து ஆர்டரின் நகல் வரும். சரக்கு இறங்கும் இடத்திலிருந்து வரவுச் சீட்டு வரும். சப்ளையரிடமிருந்து பில் வரும். மூன்றிலும் 14 விவரங்கள் ஒத்துப்போனால்தான் பணம். ஒத்துப்போகாதவையும் வரும். ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேடுவதில்தான் அவர்கள் நாள் கழிந்தது.

ஃபோர்டு அந்தத் தேடலை வேகப்படுத்தவில்லை. தேட வேண்டிய அவசியத்தையே எடுத்துவிட்டது. ஆர்டர் போட்டதும் அது பொதுவான தரவுத்தளத்தில் ஏறிவிடும். லாரி வந்து நின்றதும், சரக்கு இறக்குகிற இடத்தில் இருக்கும் ஊழியரே திரையில் பார்ப்பார். ஆர்டரோடு பொருந்தினால் வாங்கிக்கொண்டு பதிவு செய்வார். செக் தானாகத் தயாராகும். பொருந்தாவிட்டால் லாரி திரும்பிப் போக வேண்டியதுதான். சப்ளையர் பில் அனுப்பவே வேண்டாம். ஒத்துப்பார்க்க வேண்டியவை பதினான்கிலிருந்து மூன்றாகின: பாகத்தின் எண், அளவின் அலகு, சப்ளையர் குறியீடு. ஆட்களின் தேவை முக்கால்வாசி குறைந்தது.

அந்த முக்கால்வாசியில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதையும் வகுப்பில் பேசத்தான் வேண்டும். முறையை மாற்றுகிறவர்களுக்கு, மாற்றத்தில் வேலை போகிறவர்களை எங்கே அமர்த்துவது என்று யோசிக்கும் பொறுப்பும் உண்டு. பாடப் புத்தகங்கள் இந்த இடத்தைச் சீக்கிரம் தாண்டிவிடுகின்றன.

நம் ஊரில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். என்ட்ரி போட்டு, பிரின்ட் எடுத்து, பதிவேட்டில் ஒட்டி, கையெழுத்து வாங்கி, அதை ஸ்கேன் செய்து மறுபடியும் கணினியில் ஏற்றுகிற அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே வேலை செய்கிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் பதிவேடு எதற்காக வந்தது, இன்னும் தேவையா என்று கேட்கும் அதிகாரத்தை அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

நம்பிக்கை: விலை உயர்ந்த சாஃப்ட்வேர் வாங்கினால் நிறுவனம் சீராகிவிடும்.

ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி 11 கோடி டாலருக்கு மேல் செலவழித்து 1999 ஜூலையில் எஸ்ஏபி சாஃப்ட்வேரை மையமாகக் கொண்ட புதிய அமைப்புக்கு மாறியது. நான்கு ஆண்டு வேலையை இரண்டரை ஆண்டுக்குள் முடிக்கும் அவசரம். அமெரிக்காவில் ஹாலோவீன் பண்டிகைக்கான மிட்டாய் ஆர்டர்கள் குவியும் நேரமும் அதுதான். சரக்கு கையில் இருந்தும், சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. தீபாவளிக்கு முந்தின மாதத்தில் பில்லிங் முறையை மாற்ற எந்த ஜவுளிக் கடைக்காரரும் துணிய மாட்டார். அதே ஹெர்ஷி, அதே எஸ்ஏபி சாஃப்ட்வேரின் அடுத்த பதிப்புக்கு 2002-ல் நிதானமாகச் சோதித்து மாறியபோது, திட்டமிட்டதைவிடக் குறைந்த செலவில் காரியம் முடிந்தது.

நம்பிக்கை: இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தான்.

2017 ஜூலை 1-க்குப் பிறகு இதை யாரும் சொல்ல முடியாது. ஜிஎஸ்டி வந்த அன்று சிறு வியாபாரிகளும் நாடு தழுவிய ஒரு தகவல் அமைப்புக்குள் வந்துவிட்டார்கள். உதாரணத்துக்கு, சரக்கு வாங்கியவர் வரியோடு பணத்தைக் கொடுத்துவிட்டார். ஆனால் விற்றவர் தன் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் அந்த பில்லை ஏற்றினால்தான் வாங்கியவரின் 2பி அறிக்கையில் அது தெரியும். தெரிந்தால்தான் உள்ளீட்டு வரி வரவு கிடைக்கும். 'பார்ட்டி ரிட்டர்ன் போடல, நமக்கு கிரெடிட் வரல' என்ற புலம்பலை மாதாமாதம் கேட்காத ஆடிட்டர் அலுவலகம் இல்லை. இன்னொருவர் தட்டச்சு செய்கிற ஒரு எண்ணில் என் கைமுதல் மாட்டியிருக்கிறது. நிறுவனங்களுக்கு இடையிலான தகவல் அமைப்பு என்று புத்தகத்தில் வருகிற அத்தியாயம் இதுதான். அமெரிக்க உதாரணம் தேடிப் போக வேண்டியதே இல்லை.

நம்பிக்கை: எக்செல் தெரிந்தால் போதும்.

எக்செல் நல்ல கருவி. எல்லோரும் கற்க வேண்டும். ஆனால் 2020-ல் இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறை, கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்செல் வடிவக் கோப்பில் சேர்த்துவந்தது. அதில் ஒரு தாளுக்கு 65,536 வரிகள்தான் இடம். அதற்கு மேல் வந்தவை சத்தமில்லாமல் விடுபட்டன. தொற்று உறுதியான 15,841 பேர் சில நாட்கள் கணக்கில் வரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்பிடிப்பதும் தாமதமானது.

நம்பிக்கை: கணினி காட்டுகிற கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

எனக்கு மிகவும் கவலை தருவது இந்த நம்பிக்கைதான். முதலில் பக்கத்து மெடிக்கல் ஷாப்புக்கு வாருங்கள். மத்தியானம் மொத்த வியாபாரியின் அட்டைப்பெட்டி வந்து இறங்குகிறது. மருந்தின் பெயர், பேட்ச் எண், எக்ஸ்பைரி மாதம், எம்ஆர்பி, எண்ணிக்கை, பத்துக்கு ஒன்று ஃப்ரீ என்றால் அதுவும், எல்லாவற்றையும் பர்ச்சேஸ் என்ட்ரி போட வேண்டும். சாயங்காலக் கூட்டம் வந்துவிடுகிறது. என்ட்ரி போடுவதற்கு முன்பே பெட்டியைப் பிரித்து விற்கிறார்கள். பில்லில் பழைய பேட்ச் எண் ஏறுகிறது. ஸ்டாக் மைனஸில் போகிறது. பத்து ஸ்ட்ரிப் என்று போட வேண்டிய இடத்தில் யாரோ பத்து மாத்திரை என்று போட்டுவிடுகிறார்கள். சில மாதம் கழித்து காலாவதியான மருந்தைத் திருப்பி அனுப்பினால், இந்த பேட்ச் நாங்கள் கொடுத்ததாக உங்கள் கணக்கிலேயே இல்லையே என்று மொத்த வியாபாரி கேட்கிறார். திரையில் எல்லாம் துல்லியமாகத்தான் தெரிந்தது. ஃபோர்டு விட்டுவைத்த மூன்று விவரங்களில் அளவின் அலகு ஏன் ஒன்று என்பது இங்கே புரியும்.

இந்த நம்பிக்கை அரசு நிறுவனம் ஒன்றின் கையில் இருந்தபோது நடந்தது பிரிட்டனின் அஞ்சல் துறை வழக்கு. உள்ளூர்த் தபால் நிலையங்களை நடத்துகிற துணை அஞ்சலதிபர்களின் கவுன்டர்களில் ஃபியூஜிட்சு உருவாக்கிய 'ஹொரைசன்' கணக்கு அமைப்பு 1999 முதல் வைக்கப்பட்டது. சாயங்காலம் கணக்கு முடித்தால் கையில் இருக்கும் பணம் குறைவதாகத் திரை காட்டும். குறையை ஈடுகட்ட வேண்டியது அவர்கள் பொறுப்பு என்று ஒப்பந்தம். உதவி எண்ணுக்குப் போன் செய்தால், வேறு யாருக்கும் இப்படி வரவில்லையே என்ற பதில் பலருக்குக் கிடைத்தது. சேமிப்பைக் கொட்டினார்கள், கடன் வாங்கினார்கள், வீட்டை இழந்தார்கள். 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்குக் குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள்.

ஆலன் பேட்ஸ் என்ற முன்னாள் துணை அஞ்சலதிபரின் தலைமையில் 555 பேர் வழக்குப் போட்டார்கள். 2019 டிசம்பரில் வந்த தீர்ப்பு, ஹொரைசனில் பிழைகள் இருந்தன, அவை கிளைக் கணக்குகளைப் பாதித்திருக்கின்றன என்று உறுதி செய்தது. கிளைக் கணக்கை வெளியிலிருந்து யாரும் தொட முடியாது என்று அஞ்சல் நிறுவனம் பல ஆண்டுகள் சொல்லிவந்ததும் பொய்த்தது. ஃபியூஜிட்சு ஊழியர்களால் அது முடிந்திருக்கிறது. 2024-ல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்றித் தண்டனைகளை ரத்து செய்தது.

இந்த வழக்குகளுக்குச் சட்டப் பின்னணி ஒன்றும் உண்டு: கணினி ஆதாரத்தைக் காட்டுகிறவர் அந்தக் கணினி ஒழுங்காக இயங்கியதென்று நிரூபிக்க வேண்டும் என்ற விதியை இங்கிலாந்து 1999-ல் நீக்கியிருந்தது. இந்தியாவில் மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் ஆதாரமாக வைக்கச் சான்றிதழ் கேட்கும் விதி உண்டு; முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-வது பிரிவு. இதை வணிகவியல் மாணவர்கள் சட்டத் தாளுக்கு மட்டும் உரியதென்று விட்டுவிடக் கூடாது.

பதிவை யார் திருத்தலாம், திருத்தியது எங்கே பதிவாகும், கணக்கு தவறென்று சொல்கிற ஊழியரின் புகாரை யார் விசாரிப்பார்கள் என்பதெல்லாம் 'கட்டுப்பாடும் தணிக்கையும்' என்ற தலைப்பில் பெரும்பாலும் கடைசி யூனிட்டில்தான் வருகின்றன. செமஸ்டர் முடிகிற அவசரத்தில் நோட்ஸ் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். அந்த யூனிட்டை முதல் மாதத்திலேயே எடுங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தேர்வில் கேள்வி வராவிட்டாலும் எடுங்கள்.