தலையைப் பார்த்துப் பெயர் சொல்

அன்புள்ள யாழினிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொளத்தூர்க் கடையில் ‘ஜூலி கோரி’ என்று சொல்லிக் கொடுத்த அந்தப் புள்ளிக் கோரிடோராஸ் கெளுத்திகள் ஜூலி அல்ல, ட்ரைலினியேட்டஸ் என்ற வேறோர் இனம். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதே. எந்த நாட்டுக் கடையிலும் ஜூலி என்று விற்பவற்றில் பெரும்பாலானவை ட்ரைலினியேட்டஸ்தான். ஏற்றுமதிப் பட்டியலில் எழுதிய பெயரே கடைத் தொட்டி வரை வந்துவிடுகிறது.

இனிமேல் வாங்கப் போனால் முதலில் தலையைப் பார். ஜூலியின் தலையில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக இருக்கும். ட்ரைலினியேட்டஸின் தலையில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து நெளிகோடுகளாகிவிடும். ஒன்று புள்ளி மட்டும் வைத்த வாசல், மற்றது சிக்குக் கோலம் போட்டு முடித்த வாசல். பக்கவாட்டில் ஓடும் நடுக்கோடும் ட்ரைலினியேட்டஸில் அழுத்தமாகத் தெரியும். முதுகுத் துடுப்பின் கரும்பொட்டை நம்பாதே, அது இரண்டுக்கும் உண்டு.

ஒரு மீனை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே. ட்ரைலினியேட்டஸிலேயே சிலவற்றுக்குத் தலைப்புள்ளிகள் பிரிந்திருக்கும். குஞ்சுப் பருவத்தில் வடிவம் இன்னும் தெளிந்திருக்காது. பையிலிருந்து அப்போதுதான் கொட்டிய மீனுக்கு நிறமும் வெளுத்துப் போயிருக்கும். தொட்டியில் அடங்கி மேயும் கூட்டத்தை நிதானமாகப் பார்.

எங்கே பிடித்த மீன் என்றும் கேள். நம் ஊரில் யாரும் கேட்பதில்லை, அது எனக்குப் பெரிய வருத்தம். ட்ரைலினியேட்டஸைப் பெரு நாட்டு அமேசான் பகுதியிலிருந்து 1872இல் கோப் என்ற அறிவியலாளர் முதலில் விவரித்தார். ஜூலியை 1906இல் ஸ்டைன்டாக்னர் விவரித்தார், அதன் இருப்பிடம் பிரேசிலின் வடகிழக்கே பர்னைபா ஆற்றுப் பக்கம். பெருவில் பிடித்த மீன் என்று உறுதியாகத் தெரிந்தால், பையில் என்ன எழுதியிருந்தாலும் அது ஜூலியாக இருக்க முடியாது.

அடுத்து ஸ்டெர்பாய் என்ற கோரியை வாங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். அதற்கும் ஒரு சாயல்காரன் உண்டு, ஹரால்ட்ஷுல்ட்ஸி. இரண்டையும் 1962இல் விவரித்தவர் கனாக். இரண்டுக்கும் மார்புத் துடுப்பின் முள் ஆரஞ்சு நிறம், அதனால் பலர் ஏமாறுகிறார்கள். கருத்த தலையில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் ஸ்டெர்பாய். வெளிர்ந்த தலையில் கரும்புள்ளிகள் இருந்தால் ஹரால்ட்ஷுல்ட்ஸி. அதைவிட நல்ல அடையாளம் மூக்கு: ஸ்டெர்பாய்க்குக் குட்டை, மற்றதற்கு நீளம். 2024இல் கோரிடோராஸ் பேரினத்தைப் பிரித்து அடுக்கியபோது ஸ்டெர்பாய் ஹோப்லிசோமா என்ற பேரினத்துக்கும் ஹரால்ட்ஷுல்ட்ஸி புரோகிஸ் என்ற பேரினத்துக்கும் போயின. சாயல் ஒத்திருந்தும் இரண்டும் நெருங்கிய சொந்தமில்லை. ஜூலியும் ட்ரைலினியேட்டஸும் அப்படியல்ல, இரண்டுமே ஹோப்லிசோமாவில்தான் இருக்கின்றன.

அதனால்தான் இனத்தைச் சரியாகத் தெரிந்துகொள் என்று அழுத்திச் சொல்கிறேன். குஞ்சு எடுக்க ஆசைப்படுகிறாய். நெருங்கிய இனங்களை ஒரே தொட்டியில் விட்டால் கலந்து முட்டையிடக்கூடும். அந்தக் குஞ்சுகளுக்கு எந்த ஆற்றிலும் ஊர் கிடையாது. அவற்றை நீ யாருக்காவது கொடுத்தால், அவர் இன்னொருவருக்குக் கொடுப்பார், பிறகு பிரித்தறிய வழியே இருக்காது.

கையில் இருப்பவை அழகான, திடமான மீன்கள். பொடிமணல் போட்டு, கூட்டமாகவே வளர்த்து, குஞ்சு எடு. உண்மையான ஜூலி கிடைத்தால் தனித் தொட்டி வை. குஞ்சுகளைப் பிறருக்குக் கொடுக்கும் நாளில் பையின் மேல் ‘ட்ரைலினியேட்டஸ்’ என்றே எழுதிக் கொடு.

அன்புடன்,
உன் மாமா