ஆன்லைன் வியாபாரம்: கையில் இல்லாத பொருளை விற்கலாமா?



சென்ற மாதம் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு சகோதரி வந்தார். நம்மிடம் தையல் இயந்திர உதவி பெற்றவர். தான் தைத்த புர்காக்களை வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்று வருகிறார். இப்போது அவர் மகன் சூரத் கடைகளின் படங்களை எடுத்துத் தங்கள் சரக்குபோல் போடுகிறார். பணம் வந்த பிறகே அங்கிருந்து வாங்கி அனுப்புகிறார். “தையலைவிட இதுல லாபம் கூட வருது. ஆனா மனசு உறுத்துது அண்ணே, இது ஹலால்தானா?” என்று கேட்டார்.

இது பல வீடுகளின் கேள்வி. 2013-ல் அமேசான் இந்தியாவில் விற்பனையைத் தொடங்கியபோது, அது பெருநகரத்து விஷயம் என்றிருந்தோம். 2016-ல் யுபிஐயும் ஜியோவும் வந்தன. இன்று மேலப்பாளையம் தெருக்களிலும் ஆற்றங்கரை ஊர்களிலும் பார்சல் வண்டி நிற்கிறது. வாங்கிக்கொண்டிருந்த நாம் விற்கவும் தொடங்கிவிட்டோம்.

இதே கேள்வியை ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். தம்மிடம் இல்லாத பொருளைக் கேட்டு வருபவருக்கு விற்றுவிட்டு, பிறகு சந்தையில் வாங்கிக் கொடுக்கலாமா என்றார்கள். நபியவர்கள் அதைத் தடுத்தார்கள். காரணம் விளங்கக்கூடியதே. சரக்கு கிடைக்காமல் போகலாம், விலை ஏறலாம், தரம் மாறலாம். பாதிப்பு பணம் கொடுத்தவருக்கு.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது.

1. பொருளை வாங்கி, கைக்கு வந்த பிறகு விற்கலாம்.

2. “சரக்கு என்னுடையதல்ல, வரவழைத்துத் தருகிறேன், இவ்வளவு கமிஷன்” என்று சொல்லி, வகீலாக நின்று கூலி பெறலாம்.

3. ஸலம் முறையில் விற்கலாம். மதீனாவாசிகள் பேரீச்சம்பழத்துக்கு முன்பணம் கொடுத்து வந்தபோது, அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும் என நபியவர்கள் நெறிப்படுத்தினார்கள். முழு விலையையும் முதலிலேயே பெற்றுவிட வேண்டும். துணி, அளவு, நிறம், தரும் நாள் எல்லாம் முடிவாகியிருக்க வேண்டும்.

சகோதரி அளவெடுத்து ஆர்டரின்பேரில் தைப்பதில் தடையில்லை. மத்ஹபு வாரியான நுணுக்கங்களை உங்கள் ஜமாஅத் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது படம். சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கைவிட்டபோது உள்ளே ஈரம் தட்டியது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கண்டித்தார்கள். இன்றைய வாடிக்கையாளரால் குவியலுக்குள் கைவிட முடியாது. படம் ஒன்றே அவருக்குத் தெரியும் மேற்பரப்பு.

பத்தமடைப் பாயையே பாருங்கள். கோரையை மெல்லியதாகக் கிழித்து, ஆற்றுநீரில் ஊறவைத்து, சாயமேற்றி, நம் சகோதரிகள் கையால் நெய்யும் பாய் அது. புவிசார் குறியீடும் பெற்றது. செல்போன் படத்தில் அதுவும் விசைத்தறிப் பாயும் ஒன்றுபோலத் தெரியும். விற்பவர் எதுவென்று சொல்லாவிட்டால், நெய்தவருக்கும் வாங்குபவருக்கும் அநீதி. இன்னொருவர் சரக்கின் படத்தைப் போடுவதும், நாமே வாடிக்கையாளர்போல நல்ல கருத்து எழுதுவதும் இதே வகை. பொய்க் கருத்து எழுதுவதை 2020-ன் மின்வணிக விதிகளும் தடுக்கின்றன.

வாங்குவோருக்கும் சில வார்த்தைகள். முகவரியோ திருப்பிக் கொடுக்கும் விதியோ இல்லாத பக்கத்துக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். பொருளில் குறை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. பண மோசடி என்றால் தாமதிக்காமல் 1930. “பிறகு கட்டலாம்” என்ற தவணைத் திட்டங்களில் வட்டி ஒளிந்திருக்கலாம்; நிபந்தனைகளைப் படித்துப் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள்.

அந்தச் சகோதரி இரண்டு வாரம் கழித்து வந்தார். பத்து புர்கா வரவழைத்து வீட்டில் வைத்து, சொந்தப் படம் எடுத்து விற்கிறார்களாம். “முதல் முடங்குது, லாபமும் குறையுது. ஆனா இப்ப நிம்மதியா இருக்கு” என்றார்.

நம் குடும்பங்களின் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்ய அல்லாஹ் போதுமானவன். ஆமீன்.