அடுக்களை கைக்கு அடங்கட்டும்

அன்புள்ள கயலுக்கு,

அத்தை எழுதுவது.

அடுக்களையில் கரண்டி வைக்கக்கூட இடமில்லை, ஒரே மாதிரி டப்பாவாக ஒரு செட் வாங்கிவிடட்டுமா என்று போனில் கேட்டாய். இப்போது எதையும் வாங்காதே. வேண்டாததைக் கழிக்கும் முன்னால் டப்பா வாங்கினால், வேண்டாததையும் சேர்த்து அழகாக அடுக்கி வைப்பாய். அவ்வளவுதான் நடக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு அலமாரி போதும். மொத்தத்தையும் கூடத்தில் இறக்கிப் போட்டால் மத்தியானத்துக்குள் அலுத்துப்போய், இறக்கியதை அப்படியே திரும்பத் திணித்துவிடுவாய். மளிகை அலமாரியில் தொடங்கு. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, பார்த்து, முகர்ந்து பார். வெளுத்துப்போன மிளகாய்த்தூள், காறல் வாடை அடிக்கும் வேர்க்கடலை, எந்தப் பண்டிகைக்கு வாங்கியது என்றே நினைவில்லாத ஜவ்வரிசி, எல்லாவற்றையும் தயங்காமல் எடுத்துவிடு.

அரிசியில் வண்டு வருகிறது என்றாயே, அதற்குக் காரணம் கேள். அரிசி வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, துளையையும் அடைத்துவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, நம் ஊர் வெக்கையில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். அதனால்தான் வாங்கும்போது சுத்தமாகத் தெரிந்த அரிசியில் திடீரென்று வண்டு ஓடுகிறது. பழைய அரிசி மேல் புதியதைக் கொட்டிக்கொண்டே போனால் அடியில் கிடப்பது தீரவே தீராது. வண்டு அங்கேதான் பெருகும். பழையதைத் தனியே எடுத்து முதலில் செலவழி. டப்பாவைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகு புதியதைப் போடு. ரவை, மைதா பாக்கெட்டுகளைப் பிரிக்காமல் 4, 5 நாள் ஃப்ரீசரில் வைத்து எடு. குளிர் விட்ட பிறகுதான் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும்.

அடுத்தது பாத்திரம். ஒரு மாதத்துக்கு, கழுவிய பாத்திரத்தைப் பழைய இடத்தில் வைக்காதே. அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து அங்கே வை. மாதக் கடைசியில் அந்தத் தட்டில் இருப்பதுதான் உனக்கும் மாப்பிள்ளைக்கும் வேண்டிய பாத்திரம். இடியாப்ப நாழி, முறுக்கு அச்சு போல எப்போதாவது வேண்டியவற்றை அவற்றின் தட்டுகளோடு சேர்த்துப் பையில் போட்டு, பெயரெழுதிப் பரணில் ஏற்று. கீறல் விழுந்த நான்-ஸ்டிக், அடி நெளிந்த வாணலி, மூடியில்லாத பிளாஸ்டிக் டப்பா எதுவும் வீட்டில் இருக்க வேண்டாம். ஆச்சி பெயர் வெட்டிய பித்தளைப் பானையை மட்டும் விட்டுவிடாதே. ஈயம் பூசி எடுத்துப் புழங்கு. ஈயம் பூசாத பித்தளையில் புளிப்புச் சேர்ந்த எதையும் செய்யக் கூடாது. மற்ற சீர்ப் பாத்திரங்களைத் தேவைப்படுகிறவர்களுக்குக் கொடு. பரணில் கறுத்துக் கிடப்பதைவிட ஒரு வீட்டில் சோறு வடிப்பது கொடுத்தவர்களுக்கும் மரியாதைதான்.

இருப்பதை அடுக்கும்போது கை போகும் வழியைப் பார். எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கிற நேரத்தில் உளுந்தையும் பெருங்காயத்தையும் தேடிக்கொண்டிருக்க முடியாது. அஞ்சறைப் பெட்டி அதற்காகத்தான் இருக்கிறது. அது அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கட்டும். நேர் மேலே வேண்டாம், சூட்டிலும் ஆவியிலும் பொடிகள் வாசம் இழந்து கட்டி தட்டும். அன்றாடம் எடுப்பது இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே, கனமானது கீழே, எப்போதாவது எடுப்பது மேலே. உருளைக்கிழங்கை இருட்டில் வை. வெளிச்சம் பட்டுப் பச்சையானால் அதில் நஞ்சு சேரும். வெங்காயத்துக்குக் காற்று வேண்டும், அதைத் தனிக் கூடையில் போடு.

சிலிண்டர் இருக்கும் இடத்தில் பழைய பேப்பரையும் பைகளையும் திணிக்கவே கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். அங்கே காற்றோட்டம் கட்டாயம் வேண்டும். ரப்பர் ட்யூபில் அச்சிட்டிருக்கும் தேதியையும் பார், 5 வருஷம் தாண்டக் கூடாது.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது. இந்த வேலையை நீ தனியாகச் செய்யாதே. மாப்பிள்ளையையும் கூட உட்கார வை. எது எங்கே என்று ஒருத்திக்கு மட்டும் தெரிந்த அடுக்களையில், அவளுக்குக் காய்ச்சல் வந்தாலும் அவளேதான் எழுந்து கஞ்சி வைக்க வேண்டும். டப்பா ஒவ்வொன்றிலும் பெயரெழுதி ஒட்டு. வீட்டில் யார் போய் நின்றாலும் யாரையும் கேட்காமல் ஒரு ரசம் வைக்க முடிந்தால், அடுக்களை ஒழுங்காகிவிட்டது என்று அர்த்தம். இதை இப்போதே பழக்கிவிடு; பிள்ளை குட்டி ஆன பிறகு பழக்குவது சிரமம்.

அடுத்த மாதம் அங்கே வருகிறேன். பரணில் ஏற்ற வேண்டியதை ஒதுக்கி வை, சேர்ந்து ஏற்றிவிடலாம். அதுவரை நீ தனியாக ஸ்டூல் போட்டு ஏறாதே.

அன்புடன்,
அத்தை