மனம் இடும் மதிப்பெண்

வகுப்பிற்குப் புதிதாக ஒரு மாணவன் வருகிறான். முதல் நாளே பத்து நிமிடத் தாமதம், சட்டையும் கசங்கியிருக்கிறது. ‘இவன் சோம்பேறி’ என்று சக மாணவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். மறுவாரம் கணிதத் தேர்வில் அவன் அதிக மதிப்பெண் பெறுகிறான். ‘யாரையாவது பார்த்து எழுதியிருப்பான்’ என்கிறார்கள். அதே மதிப்பெண்ணைப் பெற்ற மற்றொரு மாணவியைக் ‘கெட்டிக்காரி’ எனப் பாராட்டுகிறார்கள். மதிப்பெண் ஒன்றுதான், தீர்ப்புதான் வேறு. இதில் வியப்பு என்னவென்றால், தாங்கள் பாரபட்சம் காட்டியதை அவர்கள் சிறிதும் உணர்வதில்லை.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதினார். இராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழ்ப் பணியாற்றியவர்களின் உடற்கட்டு, அறிவுத்திறன், தலைமைத்துவம், பண்பு ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிட்டிருந்தனர். ஒன்றில் உயர்ந்த மதிப்பீடு பெற்றவர், பெரும்பாலும் மற்றவற்றிலும் உயர்ந்த மதிப்பீடே பெற்றிருந்தார். நல்ல உடற்கட்டு உடையவர் எல்லாரும் அறிவாளிகளாகவும் இருந்துவிடுவார்களா? ஒரு பண்பின் ஒளி மற்றப் பண்புகள்மீதும் படர்ந்துவிடுவதை அவர் கண்டறிந்தார். இதுவே ‘ஒளிவட்ட விளைவு’ எனப்படுகிறது.

எதை முதலில் அறிகிறோம் என்பதும் நம் கருத்தை மாற்றுகிறது. சாலமன் ஆஷ் என்னும் உளவியலாளர் 1946ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. ஒருவரைப் பற்றி ‘அறிவாளி, உழைப்பாளி, அவசரக்காரர், குறை காண்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர்’ என்று ஒரு குழுவினரிடம் கூறப்பட்டது. மற்றொரு குழுவினரிடம் அதே சொற்கள் தலைகீழ் வரிசையில் கூறப்பட்டன. முதல் குழுவினர், அவரைச் சில குறைகள் உள்ள திறமைசாலியாகக் கருதினர். இரண்டாம் குழுவினரோ, குறைகளால் திறமை மங்கிப்போனவராகக் கருதினர். சொற்கள் மாறவில்லை, வரிசை மட்டுமே மாறியது.

கற்றறிந்தவர்களும் இதற்கு விதிவிலக்கல்லர். 2002ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், தம் அனுபவம் ஒன்றைப் பதிவு செய்துள்ளார். பேராசிரியராகப் பணியைத் தொடங்கிய காலத்தில், அவர் ஒரு மாணவரின் கட்டுரைகள் அனைத்தையும் தொடர்ச்சியாகப் படித்துத் திருத்துவார். முதல் கட்டுரை சிறப்பாக இருந்தால், அடுத்த கட்டுரையில் தெளிவற்ற பகுதி வந்தாலும் மாணவருக்குச் சாதகமாகவே எண்ணினார். இதை உணர்ந்ததும் தம் முறையை மாற்றினார். எல்லா மாணவர்களின் முதல் விடையையும் திருத்திய பின்னரே இரண்டாம் விடைக்குச் சென்றார். முன்பு இட்ட மதிப்பெண் கண்ணில் படாதவாறு, அதை விடைத்தாளின் பின்பக்கத்தில் குறித்து வைத்தார்.

அதன்பின் ஒரே மாணவரின் இரு விடைகளுக்கு மிகவும் வேறுபட்ட மதிப்பெண்கள் கிடைத்தன. தம் மதிப்பீட்டின்மீது அவருக்கிருந்த உறுதியும் குறைந்தது. முன்பு இருந்த உறுதி, ஒரு விடையின் சாயல் மற்றொன்றில் படிந்ததால் உண்டான போலி உறுதி என்பதை அவர் புரிந்துகொண்டார்.

‘நான் நடுநிலையாக இருப்பேன்’ என்று எண்ணுவது மட்டும் போதாது என்பதை இவ்வனுபவம் உணர்த்துகிறது. நடுநிலைக்கு வழிமுறையும் தேவை. திருக்குறளின் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரமும் ஒருவரின் குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து, மிகுந்திருப்பதைக் கொண்டே அவரை மதிப்பிட வேண்டும் என்கிறது. கண்ணால் கண்டது எது, மனம் அதனோடு சேர்த்துக்கொண்டது எது என்று பிரித்துப் பார்ப்பதே அதற்கு முதற்படி.

புதிய மாணவன் தாமதமாக வந்ததை எல்லாரும் கண்டனர். அவன் சோம்பேறி என்பதை எவரும் காணவில்லை. ஏன் தாமதம் என்று அவனிடம் ஒருவரும் கேட்கவும் இல்லை.