தம்பி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான்

பெரம்பலூர்

அன்பு மருமகளுக்கு,

"கோவம் வந்தா தம்பி சுவத்துல தலைய மோதிக்கிறான் அத்தை, ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறான்" என்று எழுதியிருந்தாய். அது பிடிவாதம் இல்லையம்மா. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு, உடம்புக்குள் நடப்பது பசியா, வலியா, பயமா என்று பிரித்தறிவதே சிரமம். தனக்கே பிடிபடாததை உன்னிடம் எப்படிச் சொல்வான்?

ஆனாலும் தனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறான். அரியலூர்ச் சாலையில் சிமெண்ட் லாரி ஹாரன் அடித்தால் காதைப் பொத்துகிறானே, அதற்கு முன்பே விரல்கள் பரபரக்கின்றனவா என்று பார். வீட்டில் திடீரென்று "டிக்கெட், டிக்கெட்" என்கிறான் என்றாயே, அந்தச் சொல்லை எங்கே கேட்டான்? கூட்டமான பேருந்தில் மிரண்டுபோன நாளில் என்றால், "பயமா இருக்கு" என்பதைத்தான் அப்படிச் சொல்கிறானோ என்னவோ. ஆட்டிசம் உள்ள ஆய்வாளரான டேமியன் மில்டன் 2012-இல் எழுதினார்: ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர்களைப் புரியாதது போலவே மற்றவர்களுக்கும் அவர்களைப் புரிவதில்லை. குறையை அவன் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை.

உணர்வுகளைப் படம் காட்டிப் பழக்கலாம்; அதற்குக் கார்ட்டூன் முகங்கள் வேண்டாம். அவனுடைய முகத்தையும் உன் முகத்தையுமே செல்போனில் படமெடுத்து, அச்சிட்டு அட்டையில் ஒட்டு. அவன் அமைதியாக இருக்கும்போது காட்டிப் பழக்கு. லாரி போனதும், "பெரிய சத்தம். தம்பிக்குப் பயம்" என்று சொல்லிப் படத்தைத் தொடு. அவ்வளவு போதும். கத்தி அழும்போது பாடம் நடத்தாதே; சத்தத்திலிருந்து தள்ளிக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் இரு. "கண்ணைப் பாரு" என்று கட்டாயப்படுத்தவே கூடாது.

படம் காட்டினால் பேச்சு வராது என்று பாட்டி பயப்படுவார். அப்படி ஆகாது, சிலருக்குப் பேச்சு கூடவும் செய்யும். சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்' செயலி படத்தைத் தொட்டால் பேசும், தமிழிலும். அட்டை பழகியபின் அதைப் பார்க்கலாம். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரையும் அம்மா பார்க்கட்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு, அதனால் உதவியைக் கூச்சப்படாமல் கேட்கலாம். யெஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' நூலை அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்று. கோபத்துக்கும் பயத்துக்கும் மட்டும் அட்டை செய்துவிட்டு நின்றுவிடுகிறோம். ஊஞ்சலில் கையை உதறுகிறானே, அது அவன் சந்தோஷம். அந்தக் கையைப் பிடித்து நிறுத்தாதே. அதையும் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. மற்றவற்றோடு சேர்த்து லேமினேட் செய்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அத்தை