மொபைல் போன் பேட்டரி நலமாக இருக்கிறதா? நீங்களே சோதிக்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரிடம் அதற்கு முன்பிருந்தே ஓர் ஆண்ட்ராய்ட் போன் இருக்கும். இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆன அந்தப் போனைப் பற்றிப் பெரும்பாலானோர் சொல்லும் குறை ஒன்றுதான். "சார்ஜ் நிற்கவே மாட்டேன் என்கிறது." உடனே கடைக்குப் போய் பேட்டரியை மாற்றுகிறோம், அல்லது போனையே மாற்றிவிடுகிறோம். உண்மையில் பேட்டரிதான் கெட்டுவிட்டதா, வேறு காரணமா என்று பார்ப்பதில்லை. இதனைச் சோதித்து அறியும் வழிகளை இங்கு காணலாம்.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் என் அத்தை. அவர் கல்வராயன் மலையில் கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றுகிறார். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு, பிரசவ வலி கண்ட பெண்ணுக்காக 108க்குப் போன் செய்து கொண்டிருந்தபோது, போன் சட்டென்று அணைந்துவிட்டது. அப்போது திரையில் 31 சதவீதம் சார்ஜ் காட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையனின் போனை வாங்கிப் பேசி, வண்டி வந்து சேர்ந்தது. தாயும் குழந்தையும் நலம். அடுத்த விடுமுறைக்கு நான் கள்ளக்குறிச்சி வந்தபோது அத்தை கேட்டார்: "தம்பி, நீ சாப்ட்வேர் இன்ஜினியர்தானே? முப்பதுன்னு காட்டிட்டே எப்படி அணையும்? போன் பொய் சொல்லுதா?"

நல்ல கேள்வி. போன் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொல்வதை அப்படியே நம்பவும் கூடாது.

பேட்டரிக்கு ஏன் வயதாகிறது?

நம் போன்களில் இருப்பது லித்தியம் அயன் வகை பேட்டரி. இதனை 1991ல் சோனி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டு வந்தது. இதனை உருவாக்கியதற்காக குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் பேட்டரியின் உள்ளே சிறிதளவு லித்தியம் பயனற்றுப் போகிறது. இதனால் இரண்டு மாற்றங்கள் ஏற்படுகின்றன. ஒன்று, கொள்ளளவு குறைகிறது. பத்து குடம் பிடித்த தொட்டி ஏழு குடம்தான் பிடிக்கும். இரண்டு, பேட்டரியின் உள் மின்தடை கூடுகிறது. தொட்டியில் தண்ணீர் இருந்தாலும் குழாய் அடைத்துக் கொண்டது போன்ற நிலை இது. சிக்னல் பலவீனமான இடத்தில் கால் செய்தால் போன் அதிக மின்சாரம் இழுக்கும். அடைத்த குழாயால் அதைத் தர முடியாமல் வோல்டேஜ் சரிந்து, போன் அணைந்துவிடும். குளிரில் இந்த மின்தடை இன்னும் கூடும். அத்தையின் போன் 31 சதவீதத்தில் அணைந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று சந்தேகித்தேன். ஆனால் சந்தேகத்தைச் சோதிக்க வேண்டும் அல்லவா?

முதல் சோதனை: பேட்டரியா, சிக்னலா?

கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலை ஏறத் தொடங்கினால் சிக்னல் கட்டைகள் ஒவ்வொன்றாகக் குறையும். கரியாலூர், வெள்ளிமலை போன்ற ஊர்களில் கிடைக்கும். இடையில் உள்ள பல வளைவுகளிலும் பள்ளங்களிலும் கிடைக்காது. சிக்னல் கிடைக்காத போன் சும்மா இருக்காது. டவரைத் தேடிக் கொண்டே இருக்கும். இதனால் புதிய பேட்டரி கூட வேகமாகத் தீரும். எனவே, மலையில் சார்ஜ் சீக்கிரம் தீர்கிறது என்பதை மட்டும் வைத்து பேட்டரி கெட்டுவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது.

இதனைப் பிரித்தறிய இரண்டு இரவுகள் போதும். முதல் நாள் இரவு 10 மணிக்கு போனில் ஏரோப்ளேன் மோட் ஆன் செய்து, சார்ஜ் சதவீதத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். காலை 6 மணிக்கு மீண்டும் பாருங்கள். மறுநாள் இரவு ஏரோப்ளேன் மோட் இல்லாமல் இதே சோதனையைச் செய்திடுங்கள். அத்தையின் போனில் முதல் இரவு 2 சதவீதம் குறைந்தது. இரண்டாம் இரவு 19 சதவீதம் குறைந்தது. அதாவது, சும்மா இருக்கும்போது தீரும் சார்ஜில் பெரும்பகுதி சிக்னல் தேடுவதற்கே போகிறது.

இதற்குத் தீர்வு எளிது. இரண்டு சிம் இருந்து, ஒன்றுக்கு அந்த ஊரில் சிக்னலே இல்லை எனில், செட்டிங்ஸ் சென்று அந்த சிம்மை ஆப் செய்துவிடுங்கள். 5ஜி கிடைக்காத இடத்தில், மொபைல் நெட்வொர்க் பிரிவில் 'ப்ரிபர்ட் நெட்வொர்க் டைப்' என்பதை 4ஜி என மாற்றுங்கள்.

ஆனால் திடீரென அணைவதற்கு இது விடை அல்ல. அதற்கு அடுத்த சோதனை.

இரண்டாம் சோதனை: போனையே கேட்போம்

ஆண்ட்ராய்டில் எல்லாப் போன்களுக்கும் பொதுவான ஒரே வழி இல்லை. உங்கள் போனுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள்.

1. கூகுள் பிக்ஸல்: 'செட்டிங்ஸ்', 'அபவுட் போன்', 'பேட்டரி இன்பர்மேஷன்' எனச் சென்றால், பேட்டரி தயாரான தேதியும் எத்தனை சுற்று சார்ஜ் ஏறியுள்ளது என்பதும் கிடைக்கும். பிக்ஸல் 8ஏ மற்றும் அதற்குப் பின் வந்த மாடல்களில் பேட்டரி பிரிவில் 'பேட்டரி ஹெல்த்' என்றே ஒரு பகுதி உண்டு.

2. சாம்சங்: 'சாம்சங் மெம்பர்ஸ்' அப்ளிகேஷனைத் திறந்து, 'சப்போர்ட்' பிரிவில் 'போன் டயக்னோஸ்டிக்ஸ்' தேர்ந்தெடுத்து, அதில் 'பேட்டரி ஸ்டேட்டஸ்' தட்டவும். பேட்டரி நல்ல நிலையில் உள்ளதா, பலவீனமாகிவிட்டதா என்று சொல்லும்.

3. ஒன்பிளஸ், ஓப்போ, ரியல்மி: பல மாடல்களில் 'செட்டிங்ஸ்', 'பேட்டரி' பிரிவில் 'பேட்டரி ஹெல்த்' உள்ளது. 'மேக்சிமம் கெபாசிட்டி' என்பதன் எதிரே உள்ள சதவீதம்தான் நமக்குத் தேவையானது.

4. *#*#4636#*#* என டயல் செய்தால் சில போன்களில் ஒரு சோதனை மெனு கிடைக்கும். பழைய போன்களில் இதில் பேட்டரி தகவலும் இருக்கும். புதிய போன்கள் பலவற்றில் இது நீக்கப்பட்டுவிட்டது. இந்த மெனுவில் உள்ள மற்ற எதையும் மாற்ற வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில மெனுக்களிலும் சி.பி.யு-இசட் போன்ற அப்ளிகேஷன்களிலும் 'ஹெல்த்: குட்' என்று காட்டும். இதனைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். அந்தச் சொல்லுக்கு, பேட்டரி இப்போது அதிகம் சூடாகவில்லை, வோல்டேஜ் அளவு மீறவில்லை, செயலிழக்கவில்லை என்றுதான் பொருள். கொள்ளளவு பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அத்தையின் போனிலும் 'குட்' என்றே இருந்தது!

மூன்றாம் சோதனை: அளந்து பார்ப்போம்

உங்கள் போனில் மேலே சொன்ன வசதி எதுவும் இல்லையெனில், அளந்துதான் அறிய வேண்டும். பிளே ஸ்டோரிலிருந்து 'அக்குபேட்டரி' என்ற அப்ளிகேஷனை டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும். சார்ஜ் ஏறும்போது எத்தனை மில்லி ஆம்பியர் மணி உள்ளே சென்றது என்பதை இது கணக்கிடும்.

1. போனில் சார்ஜ் 15 முதல் 25 சதவீதம் வரை இறங்கட்டும்.

2. சார்ஜரை இணைத்து, 80 சதவீதத்திற்கு மேல் ஏறும் வரை போனைப் பயன்படுத்தாமல் வைத்திடுங்கள்.

3. எத்தனை சதவீதம் ஏறியது, எத்தனை மில்லி ஆம்பியர் மணி ஏறியது என்ற இரண்டையும் குறித்துக் கொள்ளுங்கள்.

4. இதனைக் குறைந்தது மூன்று முறை, வெவ்வேறு நாட்களில் செய்திடுங்கள். ஒரு முறை அளந்ததை மட்டும் நம்ப வேண்டாம்.

இப்போது உங்கள் புதிய கம்ப்யூட்டருக்கு வேலை. எக்ஸெல் திறந்து, முதல் நெடுவரிசையில் ஏறிய மில்லி ஆம்பியர் மணியையும், இரண்டாவதில் ஏறிய சதவீதத்தையும் வெறும் எண்ணாக டைப் செய்திடவும். மூன்றாவது செல்லில் = அடித்து, முதல் செல்லில் கிளிக் செய்து, / அடித்து, இரண்டாவது செல்லில் கிளிக் செய்து, *100 என அடித்து என்டர் தட்டவும். பேட்டரியின் இன்றைய கொள்ளளவு கிடைக்கும்.

அத்தையின் போனில் கிடைத்தவை இவை. முதல் முறை 60 சதவீதத்திற்கு 1980, கொள்ளளவு 3300. இரண்டாம் முறை 60க்கு 1920, கொள்ளளவு 3200. மூன்றாம் முறை 65க்கு 2119, கொள்ளளவு 3260. சராசரி ஏறத்தாழ 3253. போன் வாங்கியபோது அட்டைப் பெட்டியில் இருந்தது 5000. ஆக, மிஞ்சியிருப்பது 65 சதவீதம். சந்தேகம் உறுதியாயிற்று.

இரண்டு குறிப்புகள். பெட்டியில் 'டிப்பிக்கல்' என்றும் 'ரேட்டட்' என்றும் இரு அளவுகள் இருக்கலாம். ரேட்டட் என்பது சற்றுக் குறைவாக இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவையே வைத்து ஒப்பிடுங்கள். அடுத்து, உங்களுக்குக் கிடைத்த விடை சரியாகப் பாதியை ஒட்டி வந்தால் பயப்பட வேண்டாம். அதிவேக சார்ஜ் உள்ள சில போன்களில் இரண்டு செல்கள் இருக்கும். அப்ளிகேஷன் ஒன்றை மட்டும் கணக்கில் எடுத்திருக்கலாம்.

விடையை எப்படிப் புரிந்து கொள்வது?

80 சதவீதத்திற்கு மேல் எனில் பேட்டரியை மாற்ற வேண்டியதில்லை. 70 முதல் 80 வரை எனில், அன்றாட வேலை நடக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யலாம். அதற்கும் கீழே எனில் மாற்றத் திட்டமிடுங்கள். சதவீதம் எதுவாக இருந்தாலும், சார்ஜ் இருக்கும்போதே போன் அடிக்கடி அணைந்தால், ஒரு முறை முழுவதும் சார்ஜ் ஏற்றி, தானாக அணையும் வரை பயன்படுத்தி, மீண்டும் முழுவதும் ஏற்றிப் பாருங்கள். சதவீதம் காட்டும் கணக்கு பிசகியிருந்தால் சரியாகும். அதன் பின்னரும் அணைந்தால் பேட்டரியை மாற்றுவதே வழி. இதனை அடிக்கடி செய்யாதீர்கள், பேட்டரிக்கு நல்லதல்ல.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமா? 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் ஸ்மார்ட் போன்களின் பேட்டரி, 800 சுற்றுகளுக்குப் பின்னரும் 80 சதவீதக் கொள்ளளவு கொண்டிருக்க வேண்டும் என்பது அங்கு விதி. ஒரு சுற்று என்பது ஒரு முறை சார்ஜரில் போடுவது அல்ல. இரண்டு நாட்களில் 50, 50 சதவீதமாகப் பயன்படுத்தினால்தான் ஒரு சுற்று.

மாற்றும்போது கவனியுங்கள்

அத்தை இதற்கு முன் ஒரு முறை மலிவாகக் கிடைத்ததென்று ஒரு கடையில் பேட்டரி மாற்றியிருக்கிறார். அதுதான் ஓர் ஆண்டுக்குள் இந்த நிலைக்கு வந்தது. இம்முறை போன் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலேயே மாற்றினோம். வெளியில் வாங்குவதாக இருந்தால், பேட்டரி மேல் ஐ.எஸ். 16046 என்ற இந்தியத் தர எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா எனப் பாருங்கள். அந்தப் பதிவு எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' அப்ளிகேஷனில் கொடுத்துச் சரிபார்க்கலாம்.

போனின் பின்புறம் உப்பியிருந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம். உடனே அணைத்து, சார்ஜ் போடாமல் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் செல்லுங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது. பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

'பேட்டரியைச் சரி செய்கிறோம்' என்று சொல்லும் அப்ளிகேஷன்களை நம்ப வேண்டாம். வயதான பேட்டரியை எந்த சாப்ட்வேரும் இளமையாக்காது. தொடர்பு எண்களையும் மெசேஜ்களையும் பார்க்க அவை அனுமதி கேட்டால் உடனே நீக்கிவிடுங்கள்.

புதிய பேட்டரி நீடிக்க, வெயிலில் நிற்கும் வண்டியின் டேஷ்போர்டில் போனை வைக்காதீர்கள். தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள். 80 சதவீதத்தில் சார்ஜ் நிறுத்தும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். ஆனால் மலைக்கோ நீண்ட பயணத்துக்கோ செல்லும் நாளில் 100 வரை ஏற்றிக் கொள்வதில் தவறில்லை. பேட்டரிக்காக நாம் இல்லை, நமக்காகத்தான் பேட்டரி.

அத்தையின் போனில் இப்போது அக்குபேட்டரி 97 சதவீதம் காட்டுகிறது. மாதம் ஒரு முறை அளந்து, கர்ப்பிணிகள் பதிவேடு எழுதும் அதே கவனத்துடன் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். "எடை குறையுதான்னு மாசா மாசம் பார்க்கிற மாதிரிதானே தம்பி!" என்றார். அதேதான். இன்று இரவே ஏரோப்ளேன் மோட் சோதனையைத் தொடங்குங்கள்.